பழைய காரின் பிரேக் ஹோஸ்: எப்போது மாற்றுவது, எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது?

நன்கு பராமரிக்கப்பட்டு, வாரம் ஒருமுறை மட்டும் வெளியே எடுக்கப்படும் பழைய கார்களில் கூட, உரிமையாளரின் கண்ணில் படாமலேயே முதுமை அடையும் பாகம் ஒன்று உண்டு. முன் சக்கரங்களின் உட்புறத்திலும் பின் அச்சின் அருகிலும் தொங்கும் பிரேக் ஹோஸ்கள்தாம் அவை. ஒரு முழத்துக்கும் குறைவான நீளமுள்ள இந்த ரப்பர் குழாய்களின் விலை சில நூறு ரூபாய் மட்டுமே. ஆனால் மலைப்பாதை இறக்கத்தில் அவற்றுள் ஒன்று வெடித்தால், காரை நிறுத்தும் ஆற்றலில் பாதியோ முழுவதுமோ அந்தக் கணத்திலேயே இல்லாமல் போய்விடும்.

மாருதி 800 காரின் உற்பத்தி 2014 ஜனவரியிலும், அம்பாசடர் காரின் உற்பத்தி மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் அதே ஆண்டு மே மாதத்திலும் நிறுத்தப்பட்டன. பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே நின்றுவிட்டது. ஆகவே இவ்வகைக் கார்களில் கடைசியாக வெளிவந்தவையும் பத்து ஆண்டுகளைக் கடந்துவிட்டன. மோட்டார் வாகனச் சட்டப்படி தனிநபர் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதன்பின் வாகனத்தைப் பரிசோதனைக்கு உட்படுத்தி ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்பரிசோதனைக்குக் காத்திராமல், பிரேக் ஹோஸ்களின் நிலையை உரிமையாளரே அறிந்து வைத்திருப்பது அவசியமாகும்.

பிரேக் ஹோஸின் பணி

பிரேக் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உருவாகும் திரவ அழுத்தம், உலோகக் குழாய்கள் வழியே சக்கரங்களை நோக்கிச் செல்கிறது. காரின் உடற்பகுதி ஓரிடத்தில் நிலையாக இருக்க, சக்கரங்களோ மேலும் கீழும் அசைகின்றன. முன் சக்கரங்கள் இடமும் வலமும் திரும்பவும் செய்கின்றன. உலோகக் குழாய் இவ்வசைவைத் தாங்காது. எனவே அந்தக் கடைசிப் பகுதியில் மட்டும் வளையக்கூடிய ஹோஸ் இணைக்கப்படுகிறது.

லீஃப் ஸ்பிரிங்கின் மேல் அமைந்த ஒரே பின் அச்சைக் கொண்ட பழைய கார்களில் பொதுவாக மூன்று ஹோஸ்கள் இருக்கும்: முன் சக்கரங்களுக்கு ஒவ்வொன்று, பின் அச்சுக்குப் பொதுவாக ஒன்று. மற்ற வடிவமைப்புகளில் நான்கோ அதற்கு மேலோ இருக்கலாம்.

கார் டயரில் நிரப்பப்படும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 30 பி.எஸ்.ஐ. அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது ஹோஸுக்குள் உருவாகும் அழுத்தம் 1,000 பி.எஸ்.ஐ-ஐத் தாண்டுவது இயல்பு. இதைத் தாங்குவதற்காகவே உட்புற ரப்பர், அதன்மேல் நூல் பின்னல், வெளிப்புற ரப்பர் எனப் பல அடுக்குகளாக ஹோஸ் தயாரிக்கப்படுகிறது.

மிகப் பழைய கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச் சுற்றுதான் இருந்தது. அத்தகைய காரில் ஏதேனும் ஒரு ஹோஸ் வெடித்தாலும் மிதி தரைவரை சென்றுவிடும். கைப்பிரேக்கைத் தவிர வேறு துணை இராது. பின்னாளில் வந்த இரட்டைச் சுற்று அமைப்பில் ஒரு பாதி செயலிழந்தாலும் மறுபாதி வேலை செய்யும் என்றாலும், கார் நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் பெரிதும் கூடிவிடும்.

ஓடாத காருக்கும் முதுமை உண்டு

டயர் தேய்வதைப் போல ஹோஸ் தேய்வதில்லை. வெயில், எஞ்சின் வெப்பம், காற்றிலுள்ள ஓசோன், சாலையில் தெறிக்கும் நீர், கசியும் கிரீஸ் ஆகியவற்றால் ரப்பர் மெல்ல இறுகி வெடிப்பு விடுகிறது. உள்ளே உள்ள பிரேக் திரவமோ காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் இயல்புடையது. ஆகவே ஓடோமீட்டர் காட்டும் குறைந்த எண், ஹோஸ் நல்ல நிலையில் உள்ளது என்பதற்குச் சான்றாகாது. 40,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடி, இருபது ஆண்டுகள் கொட்டகையில் நின்ற காரின் ஹோஸ், நாள்தோறும் ஓடி உரிய காலத்தில் பாகங்கள் மாற்றப்பட்ட வாடகைக் காரின் ஹோஸைவிட ஆபத்தானதாக இருக்கலாம்.

தயாரிப்பாளரின் கையேட்டில் மாற்று இடைவெளி குறிப்பிடப்பட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். கையேடு இல்லாமல், ஹோஸ் எப்போது மாற்றப்பட்டது என்ற விவரமும் தெரியாமல் வாங்கப்பட்ட பழைய காருக்கு, எல்லா ஹோஸ்களையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவதே பாதுகாப்பான வழி.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

ஹோஸ் பழுதடைவது மூன்று வகைப்படும்.

முதலாவது, வெளியே தெரியும் சேதம். ஹோஸை விரல்களால் மெல்ல வளைத்துப் பார்க்கும்போது நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தாலோ, உள்ளிருக்கும் நூல் பின்னல் வெளியே தெரிந்தாலோ, உலோக முனையருகே ஈரம் காணப்பட்டாலோ, டயரோ மற்ற பாகங்களோ உரசிய தடம் இருந்தாலோ அதை உடனே மாற்ற வேண்டும்.

இரண்டாவது, வீக்கம். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் ஹோஸைக் கவனித்தால், பலவீனமான இடம் சிறு குமிழ் போலப் புடைப்பது தெரியும். ஹோஸ் இவ்வாறு விரிவதால் மிதி பஞ்சுபோல் அமிழும். திரவச் சுற்றில் காற்று புகுந்திருந்தாலும் இதே உணர்வு ஏற்படும் என்பதால் இரண்டையும் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, வெளியே எந்த அடையாளமும் காட்டாத உள் அடைப்பு. உட்புற ரப்பர் உப்பியோ உரிந்தோ துவாரத்தை மூடிக்கொள்ளும்போது, மிதியின் பலத்த அழுத்தம் திரவத்தைச் சக்கரத்துக்குள் தள்ளிவிடுகிறது. மிதியை விட்டபின் அத்திரவம் எளிதில் திரும்பி வர இயலுவதில்லை. விளைவாக அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே இருக்கும். கார் ஒரு பக்கமாக இழுப்பது, ஒரு சக்கரம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாவது, எரிந்த வாடை வருவது ஆகியவை இதன் அடையாளங்கள்.

அடைப்பை உறுதி செய்யும் முறை

சக்கரம் பிடித்துக்கொண்டால் பலர் முதலில் காலிப்பரையோ வீல் சிலிண்டரையோ மாற்றுகின்றனர். எளிய சோதனை ஒன்று அந்தச் செலவைத் தவிர்க்க உதவும்.

காரைச் சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சந்தேகத்துக்குரிய சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி ஸ்டாண்டில் தாங்க வேண்டும். மிதியை அழுத்தி விட்டபின் சக்கரம் சுழல மறுத்தால், முதலில் ஹோஸுக்கு மேலே உலோகக் குழாய் இணையும் நட்டைச் சற்றே தளர்த்த வேண்டும். அப்போது சக்கரம் விடுபட்டால், கோளாறு மாஸ்டர் சிலிண்டர் பக்கம் உள்ளது. விடுபடாவிட்டால், நட்டை இறுக்கிவிட்டுச் சக்கரத்திலுள்ள பிளீடர் நிப்பிளைத் திறக்க வேண்டும். திரவம் பீறிட்டு வந்து சக்கரம் விடுபட்டால் அடைப்பு ஹோஸில்தான் உள்ளது. அப்போதும் சக்கரம் இறுகியே இருந்தால், காலிப்பர் பிஸ்டனோ பிரேக் ஷூவோ துருவேறிச் சிக்கியிருப்பதாகக் கொள்ளலாம். இச்சோதனைக்குப் பின் திரவச் சுற்றிலிருந்து காற்றை நீக்குவது கட்டாயம்.

தேர்ந்தெடுக்கும்போது ஒப்பிட வேண்டியவை

தில்லியின் காஷ்மீரி கேட், கொல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை போன்ற உதிரிபாகச் சந்தைகளில் பழைய கார்களுக்கான பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் ஹோஸ்கள் யாவும் ஒன்றல்ல என்பதால், கழற்றிய பழைய ஹோஸையும் காரின் மாடல், தயாரிப்பு ஆண்டு விவரத்தையும் உடன் கொண்டு செல்வது நல்லது.

நீளம்: சக்கரம் முழுவதும் கீழே தொங்கும் நிலையிலும், ஸ்டீயரிங் இரு கோடிக்கும் திரும்பும் நிலையிலும் ஹோஸ் இழுபடக் கூடாது. அதிக நீளமானதும் தவறே. அது டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசி அறுந்துவிடும்.

மரை: பிரிட்டிஷ் வடிவமைப்பைத் தழுவிய பழைய கார்களில் அங்குல அளவு மரையும், ஜப்பானிய வடிவமைப்பில் வந்தவற்றில் மெட்ரிக் மரையும் காணப்படும். இங்கேதான் பெரிய தவறு நேர்கிறது. 24 மரை கொண்ட 3/8 அங்குல முனையின் விட்டம் 9.5 மி.மீ., மரை இடைவெளி 1.06 மி.மீ.; எம் 10 வகையின் விட்டம் 10 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஒன்றின் இடத்தில் மற்றதைத் திருகினால் சில சுற்றுகள் ஏறுவது போலவும் இருக்கும். ஆனால் அப்பிடிப்பு அழுத்தத்தைத் தாங்காது. ஸ்பானரால் வலிந்து ஏற்றினால் வீல் சிலிண்டரின் மரையும் சிதைந்துவிடும். கையாலேயே பல சுற்றுகள் தடையின்றி ஏறாத முனை, தவறான முனை என்றே கொள்ள வேண்டும்.

முனையின் அமர்வு: சில ஹோஸ்கள் செம்பு வாஷரின் மேல் அமர்ந்து கசிவைத் தடுக்கின்றன. சில, முனையிலுள்ள கூம்பு வடிவத்தால் நேரடியாக அடைகின்றன. இரண்டாம் வகைக்கு வாஷர் சேர்த்தால் கூம்பு அதன் இருப்பிடத்தை எட்டாமல் கசிவு ஏற்படும். உலோகக் குழாயின் விரிந்த முனை எந்த வடிவில் உள்ளதோ, அதற்கேற்ற உட்குழிவே ஹோஸிலும் இருக்க வேண்டும். பேன்ஜோ போல்ட் கொண்டு இணைக்கப்படும் வகையில், போல்ட்டின் இருபுறமும் புதிய செம்பு வாஷர்கள் தேவை. ஒருமுறை நசுங்கிய வாஷரை மறுபடி பயன்படுத்துவது கசிவை வரவழைப்பதாகும்.

தரக்குறியீடு: வாகன பிரேக் ஹோஸ்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ் 7079 தரநிலை உள்ளது. அமெரிக்கத் தரப்படி தயாரானவற்றில் 'டாட்' என்ற குறியும், தயாரிக்கப்பட்ட மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். தயாரிப்பாளர் பெயரோ குறியீடோ எதுவுமின்றி, விலை மட்டும் குறைவாக உள்ள ஹோஸைத் தவிர்க்க வேண்டும்.

வாங்கக் கூடாதவை

நிறுத்தப்பட்ட மாடல்களுக்கு, பல ஆண்டுகளாகக் கடை அலமாரியில் கிடந்த பிரிக்காத சரக்கு சிலவேளை கிடைக்கும். அசல் நிறுவனத்தின் பாகம் என்பதால் பலர் மகிழ்ந்து வாங்குவர். உலோகப் பாகமாயின் அது நற்பேறு. ரப்பர் பாகமாயின் அவ்வாறல்ல. உறைக்குள் இருந்தாலும் ரப்பர் முதுமையடையும். பழைய இரும்புச் சந்தையில் வேறு காரிலிருந்து கழற்றப்பட்ட ஹோஸையும் எக்காரணம் கொண்டும் பொருத்தக் கூடாது.

மண்வாரி இயந்திரங்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்திப் பொருத்தித் தரும் கடைகள் நெடுஞ்சாலையோரங்களில் ஏராளம். உயர் அழுத்தம் தாங்கும் ஹோஸ் என்ற எண்ணத்தில் அங்கே கார் பிரேக்குக்கும் ஒன்றைச் செய்துகொள்வது ஆபத்தாக முடியும். அவை பொதுவாகக் கனிம எண்ணெய்க்கென உருவாக்கப்பட்ட ரப்பரால் ஆனவை. பிரேக் திரவம் வேறு வேதிப்பொருள்; அது அந்த ரப்பரை நாளடைவில் கெடுத்துவிடும்.

எஃகுக் கம்பிப் பின்னல் கொண்ட ஹோஸ்கள் அழுத்தத்தில் குறைவாகவே விரிவதால் மிதி உறுதியாக இருக்கும். ஆயினும் அவற்றின் பின்னல், உரசும் பாகத்தை அறுத்துவிடும். உள்ளே உள்ள குழாயின் நிலையையும் வெளியிலிருந்து காண இயலாது. அன்றாடப் பயன்பாட்டுக்குச் சரியான அளவுள்ள தரமான ரப்பர் ஹோஸே போதுமானது.

பொருத்தும் முறை

முதலில் இணைப்புகளைச் சுற்றியுள்ள மண்ணையும் துருவையும் கம்பித் தூரிகையால் நீக்க வேண்டும். இறுகிய நட்டில் துருநீக்கி எண்ணெய் தெளித்து ஓரிரவு விடுவது பலன் தரும். உலோகக் குழாய் நட்டைத் திருகச் சாதாரண இருமுனை ஸ்பானரைவிட, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃபிளேர் நட் ஸ்பானரே ஏற்றது. இல்லையேல் நட்டின் முனைகள் மழுங்கிவிடும்.

கழற்றும் வரிசை முக்கியமானது. காரின் உடற்பகுதியில் உள்ள பிராக்கெட்டில், ஹோஸின் அறுகோண முனையை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் உலோகக் குழாயின் நட்டைத் தளர்த்த வேண்டும். நட்டோடு உலோகக் குழாயும் சேர்ந்து திரும்பத் தொடங்கினால் உடனே நிறுத்த வேண்டும். முறுக்கிய குழாயையும் மாற்ற வேண்டிய நிலை வரும். அதன்பின் கிளிப்பை அகற்றி, இறுதியாகச் சக்கரப் பக்கத்து முனையைக் கழற்றலாம்.

பொருத்தும்போது வரிசை தலைகீழாகும். சக்கரப் பக்கத்து முனையை முதலில் திருகி, கையேட்டில் கூறிய அளவுக்கு இறுக்க வேண்டும். பிறகு மறுமுனையைப் பிராக்கெட்டில் நுழைத்து, ஹோஸ் எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் இயல்பாக வளைந்து நிற்குமாறு அமைத்துக் கிளிப்பைப் பொருத்த வேண்டும். உலோகக் குழாயின் நட்டைக் கையால் பல சுற்று ஏற்றிய பின்னரே ஸ்பானரைப் பயன்படுத்த வேண்டும். இறுக்கும்போதும் ஹோஸின் முனையை அசையாமல் பிடித்துக்கொள்வது அவசியம். பல ஹோஸ்களில் நீளவாக்கில் ஒரு கோடோ எழுத்து வரிசையோ இருக்கும். அது திருகாணி போல் சுற்றிச் சென்றால் ஹோஸ் முறுகியுள்ளது என்று பொருள். அதன் ஆயுள் வெகுவாகக் குறையும்.

ஒரே அச்சில் ஒரு பக்கத்து ஹோஸை மட்டும் மாற்றுவது முறையன்று. இருபக்கமும் பிரேக் ஒரே அளவில் பிடிக்க, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

'பிரேக் ஆயில்' என்னும் பெயர்க்குழப்பம்

பட்டறைகளில் 'பிரேக் ஆயில்' என்று வழங்கப்படுவது உண்மையில் எண்ணெய் அன்று. பெரும்பாலான கார்களில் அது கிளைக்கால் சார்ந்த திரவம். பெயரால் குழம்பி எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றினால், ஹோஸ் முதல் மாஸ்டர் சிலிண்டர் வரை உள்ள ரப்பர் பாகங்கள் அனைத்தும் உப்பிக் கெட்டுவிடும்.

டாட் 3 வகையின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அது 140 டிகிரி வரை இறங்கலாம். டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155 டிகிரி. நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஈரம் ஏறிய திரவம் கொதித்து ஆவியானால், மிதி திடீரென அமிழ்ந்துவிடும். ஹோஸ் மாற்றும் வேளையில் பழைய திரவம் முழுவதையும் வெளியேற்றுவது இக்காரணத்தாலேயே வலியுறுத்தப்படுகிறது. காருக்குப் பரிந்துரைக்கப்பட்ட வகையையே, முத்திரை உடையாத புதிய புட்டியிலிருந்து ஊற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, டாட் 5.1 என்பது கிளைக்கால் வகை. எண்கள் நெருங்கி இருப்பினும் இவ்விரண்டையும் கலக்கக் கூடாது.

இத்திரவம் நச்சுத்தன்மை உடையது. கார் பெயின்ட்டையும் அரித்துவிடும். சிந்திய இடத்தை உடனே நீரால் கழுவ வேண்டும்.

காற்று நீக்கமும் இறுதிச் சோதனையும்

கையேட்டில் வேறு வரிசை கூறப்படாத நிலையில், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவதே வழக்கம். வலப்புற ஸ்டீயரிங் கொண்ட இந்தியக் கார்களில் அது பின் இடச் சக்கரம். அடுத்துப் பின் வலம், முன் இடம், முன் வலம் என வரும். பிளீடர் நிப்பிளில் தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது திரவமுள்ள புட்டியில் அமிழ்த்தி, குமிழ்கள் நிற்கும் வரை திரவத்தை வெளியேற்ற வேண்டும். மேலே உள்ள திரவக் கிண்ணம் ஒருபோதும் காலியாகக் கூடாது. காலியானால் மீண்டும் காற்று புகும். வெளியேற்றிய திரவத்தைத் திரும்ப ஊற்றக் கூடாது.

பழைய கார்களில் மேலும் ஓர் எச்சரிக்கை தேவை. மாஸ்டர் சிலிண்டரின் கடைக்கோடி, அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் எட்டாத இடமாதலால் அங்கே துரு படிந்திருக்கும். காற்று நீக்கும்போது மிதியைத் தரைவரை அழுத்தினால் அத்துரு ரப்பர் சீலைக் கிழித்துவிடக்கூடும். மிதிக்கு அடியில் சிறு மரக்கட்டை வைத்து அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது நல்லது.

பணி முடிந்ததும் மிதியை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்து, ஒவ்வோர் இணைப்பையும் வெள்ளைத் தாளால் ஒற்றிக் கசிவு உண்டா எனப் பார்க்க வேண்டும். மிதி மெல்லக் கீழிறங்கினால் காரை நகர்த்தவே கூடாது. ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, சக்கரத்தைத் தொங்கவிட்டும் தரையில் ஊன்றியும், ஹோஸ் எங்கும் உரசவில்லை என உறுதி செய்ய வேண்டும். அதன்பின் ஆள் நடமாட்டமில்லாத சமதரையில் நடைவேகத்தில் ஓட்டி, பலமுறை பிரேக் பிடித்துப் பார்த்த பின்னரே சாலைக்கு எடுக்கலாம். சில நாள்கள் ஓடிய பின் இணைப்புகளை மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பிரேக் வேலையில் அனுபவம் இல்லாதோர் இதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே முறை. அப்போதும் ஹோஸில் உள்ள தரக்குறியும் தயாரிப்பு ஆண்டும் எவை, செம்பு வாஷர்கள் புதியவையா, பழைய திரவம் முழுவதும் வெளியேற்றப்பட்டதா என்ற மூன்று கேள்விகளை உரிமையாளர் தவறாமல் கேட்க வேண்டும். மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதிப் பதிவுச் சான்றிதழோடு வைத்துக்கொண்டால், அடுத்த முறை ஹோஸின் வயதை ஊகிக்க வேண்டிய தேவை இராது.